பெயருக்குப் பின்னால்

“வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம்…” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எட்டு மெல்லிய கம்பிகளையும் வரிசையாக நிமிர்த்தி, நுனியை ஒரே வெட்டாக வெட்டுகிறான் லிங்கேஸ்வரன். ஆயிரம் தடவை செய்த வேலைதான். ஆனாலும் நிறங்களைச் சொல்லாமல் அவனுக்குக் கை ஓடாது. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஜெபமணி அதைப் பார்த்துச் சிரிக்கிறார். “ஏப்பா, ஒயரு மாட்டச் சொன்னா என்னமோ பேய் ஓட்டுறவுக மாதிரில்ல மந்திரம் சொல்ற!” நேற்று விழுந்த இடியில் அவர் கடைக் கணினிகளை இணைக்கும் பெட்டி கருகிவிட்டது. லிங்கேஸ்வரன் சிரிக்காமல் அடுத்த கம்பியை எடுக்கிறான்.

முப்பத்தொரு வயது. ஊர் சின்னமனூர். பழைய டிவிஎஸ் ஐம்பதில் தேனிக்கும் கம்பத்துக்கும் இடையே ஓடிக்கொண்டே இருப்பான். இடி விழுந்தாலும், எலி கடித்தாலும், பிரவுசிங் சென்டரில் நெட் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பாதிப்பேர் அவனை ‘ஒயர் தம்பி’ என்கிறார்கள். எங்காவது காத்திருக்க நேர்ந்தால், போகிற பஸ்களின் நம்பரை மனசுக்குள் பூச்சியமும் ஒன்றுமாக மாற்றிப் பார்ப்பான். படித்தது மறந்துவிடக் கூடாதே என்ற பயம்.

படித்தது சி.சி.என்.ஏ. கணினிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் வேலைக்கு உலகமெல்லாம் ஒத்துக்கொள்ளும் சான்றிதழ். 2004 அக்டோபரில் சென்னையில் எழுதி முதல் தடவையிலேயே தேறினான். வேலையும் கிடைத்தது. இரண்டு வருடம் ஆவதற்குள் அப்பா சங்கரலிங்கத்துக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வேலையை விட்டு ஊருக்கு வந்தவன் வந்தவன்தான்.

அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்றே வருடம். அதற்குள் மறுபடி தேர்வு எழுதினால்தான் உயிரோடு இருக்கும். இது அப்பாவுக்கு ஏறவே இல்லை. “பாஸ் பண்ணுனது எப்புடிடா பெயிலாகும்? நான் படிச்ச எஸ்எஸ்எல்சி செத்தா போச்சு?” என்று கேட்டார் சங்கரலிங்கம். அவருக்குத் தெரிந்த மூன்று வருடக் கணக்கு ஒன்றுதான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. அந்த அட்டையைப் புதுப்பிக்கும் நாளை மட்டும் அவர் மறக்கவே மாட்டார். 2007 அக்டோபரில் மகனைத் தேனிக்கு விரட்டினார். அவனும் வரிசையில் நின்று புதுப்பித்து வந்தான். இன்றுவரை வேலைக்கென்று ஒரு அழைப்புக் கடிதம்கூட வாங்கித் தராத அந்த அட்டை உயிர் பிழைத்தது. அதே மாதம் மற்றது செத்தது.

அவனுக்குத் தெரியாமல் இல்லை. அங்கேதான் அவன் தப்புப் பண்ணினான். வேலைவாய்ப்புப் பதிவைப் புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு அரசாங்கம் அவ்வப்போது சலுகை கொடுக்கும். பேப்பரில் அறிவிப்பு வரும், கூட்டம் கூட்டமாகப் போய்ப் புதுப்பிப்பார்கள். அதைப் பார்த்தே வளர்ந்த பையன், இதற்கும் எங்காவது ஒரு சலுகை இல்லாமலா போகும் என்று நம்பிவிட்டான். கடல் கடந்த கம்பெனிக்கு நம் ஊர் இரக்கம் எங்கே தெரியப் போகிறது! விசாரித்தபோது பாடத்திட்டமே மாறியிருந்தது. முதலிலிருந்து எழுத வேண்டும் என்றார்கள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளியே இரண்டு வருடம் போயிற்று.

இந்த நிலையில்தான் தேவாரத்தில் பெண் அமைந்தது. பெயர் தேவயானி. அவள் அப்பா தங்கபாண்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஒயரத் தூக்கிக்கிட்டு அலையிற மாப்ளைக்குக் குடுக்க மாட்டேன். பெரிய படிப்புப் படிச்சிருக்காப்ல, கம்பெனி வேலைக்குப் போகட்டும்.” மதுரையில் ஒரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. அது கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் ஆவணியில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள்.

போன வாரம் மதுரைக்குப் போனான். கேட்ட பத்துக் கேள்விக்கும் பதில் சொன்னான். கடைசிக் கேள்விக்குப் படமே வரைந்து காட்டினான். கேட்டவர் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்து, “பிரமாதம்” என்றார். அப்புறம் சான்றிதழைக் கையில் எடுத்தார். தேதியைப் பார்த்தார்.

“இது முடிஞ்சுபோச்சே.”

“வேலை மறக்கல சார். தெனமும் அதத்தான் பாக்குறேன்.”

“உங்களுக்கு வேலை தெரியும்னு எனக்குத் தெரியுது. ஆனா டெண்டர் போடுறப்ப, நடப்புல இருக்கிற சர்டிபிகேட் எத்தனை பேருட்ட இருக்குன்னு கேப்பாங்க. அந்தக் கணக்குல நீங்க வர மாட்டீங்க தம்பி.”

“மறுபடி எழுதிடுறேன் சார்.”

“எழுதுங்க. ஆனா இந்த மாசமே ஆள் எடுத்தாகணும்.”

அந்த மனிதர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் இவனை உடைத்துப்போட்டது. தெரியாதவன் என்று தள்ளியிருந்தால் இன்னும் படிக்கலாம். தெரிந்தவன் என்று சொல்லித் தள்ளினால் என்ன செய்வது?

பஸ் உசிலம்பட்டி தாண்டும்போது தேவயானி போன் செய்தாள். “என்ன சொன்னாக?” என்றாள். “சொல்லி அனுப்புறம்னு சொல்லியிருக்காக” என்றான். “கெடச்சிரும், பாருங்க. எங்கப்பா இப்பவே தெருவெல்லாம் சொல்லிட்டாக” என்று சிரித்தாள்.

சின்னமனூரில் இறங்கியதும் அச்சகத்துக்குப் போனான். கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாள் தயாராக இருந்தது. நம் பக்கத்தில் பத்திரிகை வந்தால், மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் என்ன போட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அச்சகக்காரர் ஒச்சாண்டி தாளோடு பேனாவையும் நீட்டினார். “பொண்ணு வீட்டுல எழுதிக் குடுத்தபடியே போட்டிருக்கேன் தம்பி. படிப்பு மட்டும் கொட்டை எழுத்துல வரணும்னு சொல்லிட்டாக. சரியான்னு பாத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நாளைக்கே ஓட்டிரலாம்.”

லிங்கேஸ்வரன், பி.எஸ்சி., சி.சி.என்.ஏ.

கட்டைவிரலை வைத்துக் கடைசி நான்கு எழுத்துகளை மறைத்தான். அவை இல்லாமல் தன் பெயர் எப்படி இருக்கிறது என்று வெகுநேரம் பார்த்தான். பிறகு விரலை எடுத்துவிட்டு, கீழே ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.