ஓடிக்கொண்டிருந்த பழைய வெர்ஷன்

ரூபீனாவுக்கு வேலை தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன சாஃப்ட்வேர் அலுவலகத்தில். அடையாறில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்பதிவு சாஃப்ட்வேர் அவள் பொறுப்பு. யாரோ எழுதிவிட்டுப் போனது. எழுதிய கணினி மொழியின் வெர்ஷன் மிகப் பழையது. உருவாக்கியவர்களே அதைக் கைகழுவிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

முதலாளி பத்ரிநாராயணனிடம் வருடாவருடம் சொல்லிப் பார்த்தாள். “புது வெர்ஷனுக்கு மாத்திடலாம் சார்.”

“ஓடிண்டுதானேம்மா இருக்கு? ஓடறதை எதுக்கு நோண்டணும்?”

ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஜூனில் ஒரு திங்கட்கிழமை, எவனோ இன்டர்நெட் வழியாக அந்த சாஃப்ட்வேருக்குள் புகுந்து முன்பதிவுகளையெல்லாம் அழித்திருந்தான். பரிசோதனை நிலையத்துக்கு நேரில் போய்ப் பார்க்கும்படி பத்ரிநாராயணன் அனுப்பினார். கவுன்டரில் ஒரே கூட்டம். ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் தேவானை, போனை நீட்டியபடி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாம்மா இது? மெசேஜ் வந்து கீது பாரு. காலைலேர்ந்து ஒரு டீ கூட குடிக்காம குந்திக்கினு கீறேன். பேரே இல்லன்றாங்க. சர்க்கரை உடம்பும்மா, தலை சுத்துது.”

ரூபீனா உள்ளே பேசி, அவளுக்கு முதலில் ரத்தம் எடுக்கவைத்தாள். பிறகு டீ வாங்கிக் கொடுத்தாள்.

அன்றே, தனியாக நகலெடுத்து வைத்திருந்த பேக்கப்பிலிருந்து பதிவுகளை மீட்டாள். “அவ்வளவுதானே?” என்றார் பத்ரிநாராயணன்.

“திரும்பவும் வருவான் சார். இந்த வெர்ஷன்ல ஓட்டை எங்க இருக்குன்னு ஊருக்கே தெரியும். அடைக்கத்தான் ஆளில்லை.”

“சரி, மாத்து” என்றார்.

அப்போதைக்கப்போது மாற்றியிருந்தால் அங்கங்கே சில திருத்தங்களோடு போயிருக்கும். இப்போது தொட்ட இடமெல்லாம் உடைந்தது. பழைய கட்டளைகள் பல புது வெர்ஷனில் இல்லவே இல்லை. நோயாளிகளின் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. ஒன்றைச் சரிசெய்தால் வேறொன்று படுத்தது. கழுத்து வலிக்குத் தைலம் தடவிக்கொண்டே ஜூலையைக் கழித்தாள்.

ஆகஸ்டில் எல்லாம் ஓடியது. பத்ரிநாராயணன் திரையைப் பார்த்தார். “முன்னாடி மாதிரியேதானேம்மா இருக்கு?”

“ஆமாம் சார்” என்றாள். “நாளைக்கு லீவு வேணும்.”

அன்று மாலை வீட்டுக்குப் போக பனகல் பார்க்கில் பஸ் ஏறியதும் ஜன்னலோர சீட் கிடைத்தது. லஸ்ஸில் இறங்க வேண்டியவள், கண்டக்டர் தட்டி எழுப்பியபோது கடைசி ஸ்டாப்பான பட்டினப்பாக்கத்தில் இருந்தாள்.