ஒலிம்பிக்குக்குப் போகாத றெஜி அண்ணை

சனிக்கிழமை காலை ஒக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதிக் கடையொன்றில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது றெஜி அண்ணையின் மனைவி மெட்டில்டா அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அண்ணை போயிட்டார்" என்றார். வாசலில் சப்பாத்துக் கழற்றக் குனிந்தவர் நிமிரவே இல்லையாம். எங்கள் தேவாலயத் தமிழ்ச் சபையில் மரண அறிவித்தல் எழுதுகிறவன் நான். அதனால், "நீரே எழுதும். உள்ளதை எழுதினால் காணும்" என்றும் சொன்னார். ஓம் என்றேன். அந்த ஓமைக் காப்பாற்றாத வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

றெஜி அண்ணை யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் ஸ்கொட்லாந்துக்குப் போனவர். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குன்றில் பனிச்சறுக்குப் பழகுவதற்கென்று பிரஷ் மயிர் போன்ற பிளாஸ்டிக் பாயை விரித்து, தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்களாம். பிரித்தானியாவின் பனிச்சறுக்கு வீரர்களில் பலர் இப்படிப் பனியைக் காணாமலே பழகியவர்கள். அந்தப் பாயில் விழுந்தால் விரல் மாட்டிக்கொள்ளும். அண்ணையின் வலது பெருவிரல் கடைசிவரை கோணலாகவே இருந்தது. இடியப்பம் எடுக்கும்போது அது மட்டும் ஒரு பக்கமாக விலகி நிற்கும். கேட்டால், "மலையில விழேல்லை, பாயில விழுந்தனான்" என்பார்.

இளையோர் அணியில் சேர்ந்தபின் ஆல்ப்ஸ் மலைப் போட்டிகளுக்குப் போனார். தரவரிசையில் முன்னுக்கு நிற்பவர்களே அங்கே முதலில் இறங்குவார்கள். பிரித்தானியப் பிள்ளைகளின் முறை வரும்போது பாதை உழுத வயல் மாதிரி ஆகிவிடும். "மற்றவை பனியில ஓடினவை, நாங்கள் பள்ளத்தில ஓடினனாங்கள்" என்று சிரிப்பார்.

அவர் ஓடியது சிலாலம். மலைச் சரிவில் நட்டிருக்கும் கம்பங்களை ஒவ்வொன்றாக வளைந்து கடந்து இறங்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் திரும்ப மேலே ஏறிப்போய், அதைச் சரியாகச் சுற்றிவிட்டு வரலாம். ஏறாமல் வந்தால் ஓட்டம் செல்லாது. ஒலிம்பிக் அணிக்கு ஆள் எடுத்த போட்டியில் அண்ணைக்கு இடம் கிடைக்கும் நேரம் பலகையில் விழுந்திருந்தது. தகப்பனார் கீழே நின்று கைதட்டினாராம். ஆனால் கடைசிக் கம்பங்களில் ஒன்றில் அண்ணையின் ஒரு காலில் பூட்டிய சறுக்குப் பலகை, அந்த ஸ்கீ, கம்பத்தின் மறுபக்கமாகப் போயிருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் நடக்கிற காரியம் அது. பக்கத்தில் நின்ற நடுவரே கவனிக்கவில்லை.

அண்ணை நேரே நடுவர் குழுவிடம் போய் அதைச் சொன்னார். இடம் அடுத்தவருக்குப் போயிற்று. அந்த அடுத்தவர், அதே அணியில் ஓடிய டங்கன். தகப்பனார் கைதட்டிய கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு காருக்கு நடந்தாராம். இதை என்னிடம் சொன்னபோது அண்ணை, "அப்பா பாவம். ஆனா எனக்குத் தெரியும்தானே" என்றார்.

மெட்டில்டா அக்காவின் வேலை காரணமாக ஒக்லாந்துக்கு வந்து, நகர மையத்தில் வங்கியொன்றின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தார். பக்குரங்காப் பகுதியில் இருந்த வீட்டுக் கராஜில் ஸ்கீக்களின் ஓரம் தீட்டி மெழுகு பூசுவார். மெழுகு உருக்க ஒருமுறை அக்காவின் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டார். அக்கா கோயிலுக்கு உடுத்த சேலையில் மெழுகுக் கறையைக் கண்டதிலிருந்து நாங்கள் அண்ணையைப் பகிடி பண்ணாத ஞாயிறு இல்லை.

வார இறுதிகளில் நகருக்கு வடக்கே உள்ள உட்புறப் பனி மண்டபத்துக்கு எங்கள் சபைப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பழக்குவார். பிள்ளைகள் கம்பம் தவறுகிறார்களா என்று பார்த்து நிற்பது என் வேலை. தவறினால் அண்ணை, "ஏறு மோனே" என்று கீழிருந்து சத்தம் போடுவார். வேறொருவரும் காணவில்லையே என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாதாடுவார்கள். அண்ணை தானும் ஸ்கீயைப் பக்கவாட்டில் ஊன்றி ஊன்றி, அந்தப் பிள்ளையோடு கூடவே ஏறுவார்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அறிவித்தலை எழுதினேன். "பிரித்தானிய இளையோர் அணியின் முன்னாள் வீரர்" என்று முதலில் போட்டேன். போன மாதம் காலமான ஒருவரின் அறிவித்தலில் பட்டங்களே பத்தி நீளத்துக்கு இருந்தன. என் அண்ணைக்கு இவ்வளவுதானா என்று மனம் கேட்கவில்லை. "ஒலிம்பிக் வீரர்" என்று மாற்றினேன். எங்கள் அறிவித்தல்களில் எழுதுவினைஞர் செத்தபின் முகாமையாளர் ஆவது வழக்கம். யாரும் குறை சொல்வதில்லை, போனவருக்குச் செய்யும் மரியாதை என்றே எடுத்துக்கொள்வோம்.

அந்தச் சொல் அடக்க ஆராதனைப் பதாகையில் ஏறியது, பேசியவர்கள் வாயில் ஏறியது, பிரசங்கத்திலும் ஏறியது. பாதிரியார் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது பின்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் தலைநிமிர்ந்தார். அவர்தான் டங்கன். இப்போது நியூசிலாந்தின் தெற்குத்தீவில் பனிச்சறுக்குப் பயிற்சியாளராக இருப்பவர், விமானமேறி வந்திருந்தார். மெட்டில்டா அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். புருஷனைப் பறிகொடுத்த மனுசியை அந்தப் புருஷனின் சவப்பெட்டிக்கு முன்னாலேயே தலைகுனிய வைத்தவன் நான்.

தேநீர் வேளையில் டங்கனிடம் போய், அது என் வேலை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. றெஜி உண்மையைச் சொன்னதால்தான் தான் ஒலிம்பிக்குக்குப் போனதாகவும், அதை எல்லோருக்கும் முன்னால் சொல்லவே வந்ததாகவும் சொன்னார். பாதிரியார் பேசியபின் எழுந்து அதைச் சொன்னால் வீட்டாருக்கு அவமானமாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டாராம். ஒரு பட்டத்தைக் கொடுத்து, அண்ணை செய்த பெரிய காரியத்தை நான் பெட்டியோடு மூடிவிட்டேன்.

மறுநாள் பக்குரங்காவுக்குப் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் வையவில்லை. வைதிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "உமக்கு அவரில எவ்வளவு விருப்பம் எண்டு தெரியும். ஆனா நீர் எழுதினதில அவர் இல்லை, தம்பி" என்றார்.

ஆகவே, அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் சொல்கிறேன்: எங்கள் றெஜி அண்ணை ஒலிம்பிக் போட்டியில் ஓடியவர் அல்லர். ஓடக் கிடைத்த இடத்தை, ஒருவரும் காணாத பிழையைத் தாமே சொல்லி விட்டுக்கொடுத்தவர். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இதை நானே வாசிப்பேன். டங்கன் மறுபடி வருகிறார். இந்த முறை அவர் பேசுவார்.

கோணல் பெருவிரலால் தடியைப் பிடித்தபடி, அழுகிற பிள்ளையோடு பக்கவாட்டில் அடி வைத்து ஏறும் அந்த உருவம் கண்ணில் நிற்கிறது. போய் வாருங்கள், அண்ணை. நான் ஏறிக்கொண்டிருக்கிறேன்.