ஐந்து மணி பஸ் தேறுமா?

பஸ் ஓட்டுபவரைத் திட்டலாம், டிக்கெட் கொடுப்பவரைத் திட்டலாம். உங்கள் ஊருக்கு பஸ்ஸே தேறாது என்று எழுதிக் கொடுக்கிறவனை மட்டும் திட்ட முடியாது, ஏனென்றால் அப்படி ஒருவன் இருப்பதே வெளியில் தெரியாது.

அந்த ஒருவன் நான்தான். டிப்போ கட்டலாமா, பஸ் நிலையத்தைப் பெரிதாக்கலாமா, மலையில் புதுத் தடம் விடலாமா என்று மேலே யோசிக்கும்போது, போடுகிற பணம் தேறுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்வது என் தொழில். அடையாள அட்டையில் நிதி ஆய்வாளர் என்று இருக்கும். என் மனைவியைக் கேட்டால், ‘இல்லாத பஸ்ஸுக்கு டிக்கெட் கிழிக்கிற உத்தியோகம்’ என்பாள். வயது எழுபத்திரண்டு. ஓய்வு கொடுத்து அனுப்பியவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். காரணம், எங்கள் மதுரை ஆபீஸில் வேறு எவனுக்கும் மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒன்றும் செய்யாது. கொடைக்கானல் ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் எங்கள் வண்டி திரும்பிய திருப்பில், கடைசி சீட்டில் இருந்த நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி டிரைவரிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள்.

பஸ்ஸுக்குக் காத்து நின்று வலது காலுக்கும் இடது காலுக்கும் மாறி மாறிப் பழகிய உங்களிடம் இதைச் சொல்லாமல் யாரிடம் சொல்வது? கவுஞ்சிக்கும் மேலே ஓர் ஊர். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் மனுவோடு என் வீட்டு வாசலில் நிற்பார்கள். பூண்டும் கேரட்டும் விளைகிற ஊர். காலையில் முதல் பஸ் கொடைக்கானலிலிருந்து வந்து சேர ஒன்பதரை ஆகும். சாயங்காலம் வருகிற பஸ் அநேகமாகக் காலியாகவே கீழே திரும்பிவிடும். அது ராத்திரி அங்கேயே தங்கினால், காலை ஐந்து மணிக்கு ஊர் ஜனத்தை ஏற்றிக்கொண்டு இறங்கலாம். தங்க வேண்டுமானால் பஸ் நிற்க ஒரு கொட்டகையும், டிரைவரும் கண்டக்டரும் படுக்க ஓர் அறையும் வேண்டும். கட்டினால் தேறுமா என்று பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

பூஜ்யம்

முதல் வேலை ஆள் எண்ணுவது. ஒரு சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு, எண்ணிக்கை எழுதுகிற பாரமும் பேனாவுமாக ஸ்டாப்பில் போய் நின்றேன். பனி எப்படி என்றால், குடையை மாட்ட ஆணி தேடிக் கிடைக்காமல் பனியிலேயே மாட்டினேன், விழவில்லை. ஆறரை வரை ஒரு மனுஷர்கூட வரவில்லை. ஒரு காட்டுமாடு மட்டும் வந்து பக்கத்தில் நின்றது. கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, விவரம் தெரிந்த மாதிரி போய்விட்டது. பாரத்தில் பூஜ்யம் போட்டேன். ஆளே இல்லாத இடத்துக்கு பஸ் எதற்கு? வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கீழே இறங்கும் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் அருள்மேரி என்ற பெண். கொடைக்கானலில் ஒரு ஸ்கூல் ஹாஸ்டலில் சமையல் வேலை. காலை ஏழரைக்கு அடுப்படியில் இருக்க வேண்டும். ஒன்பதரை பஸ் உதவாது. ஜீப்பில் போய் வந்தால் சம்பளத்தில் பாதி அதற்கே போகும். அதனால் வாரத்தில் ஆறு நாள் ஹாஸ்டல் ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கை. சனி ராத்திரி ஒன்றுதான் சொந்த வீட்டில் தூக்கம். எட்டு வருஷமாக இப்படி. புருஷன் சவரிமுத்துவும் பத்து வயது மகளும் மேலே, இவள் கீழே. என் பாரத்தில் இருந்த பூஜ்யத்தை எட்டிப் பார்த்தவள் கேட்டாள்: "இல்லாத பஸ்ஸுக்கு எவன் சார் வெள்ளனே எந்திரிச்சு வந்து நிப்பான்? உங்க வீட்டுல அடுப்பே பத்த வைக்கல, நீங்க எலையப் போட்டு உக்காந்துருவீங்களா?"

ஜனத்தொகைக்கு மேலே

முப்பத்தெட்டு வருஷ அனுபவம், ஒரு சமையல்காரம்மாவிடம் ஒரே வரியில் காலி. சரி, வியாழக்கிழமை மறுபடி வந்து எண்ணுகிறேன், பஸ் வேண்டும் என்பவர்கள் வந்து நில்லுங்கள் என்று சொன்னேன். அது என் இரண்டாவது தப்பு.

வியாழக்கிழமை காலை அந்த ஸ்டாப்பில் தேரோட்டம் மாதிரி கூட்டம். பூண்டியிலிருந்தும் பேத்துப்பாறையிலிருந்தும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணமாகி மூன்றே நாளான ஜோடி ஒன்று மாலை வாடாமல் நிற்கிறது. படுக்கையில் கிடந்த பெரியவர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்து, ‘ஆஸ்பத்திரிக்கு’ என்றார்கள். அவர் கட்டிலிலிருந்தே எனக்குக் கும்பிடு போட்டார். மப்ளர் கட்டிய ஒருவர் மூன்று முறை வரிசையில் வந்தார். ஒவ்வொரு முறையும் மப்ளரை வேறு மாதிரி கட்டியிருந்தார். எதிரில் நிற்பதை எழுதுவது என் கடமை, எழுதி அனுப்பினேன். என் வயதில் பாதிகூட இல்லாத எங்கள் மேனேஜர் போனில் வந்தார்: "சார், வாக்காளர் பட்டியலைவிட உங்க கூட்டம் பெருசா இருக்கு. இனிமே பொறக்கப்போற புள்ளைங்களையும் சேத்து எண்ணிட்டீங்களா?"

ஜீப்பின் பின்கம்பி

பூஜ்யமும் பொய், தேரோட்டமும் பொய். நிஜம் எங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று யோசித்தேன். ஜீப்பில்! நாலரை மணிக்கு ஊருக்குக் கீழே ஒரு வளைவிலிருந்து ஜீப்புகள் கிளம்பும். அவசரச் சோலி உள்ளவர்கள், காசு போனாலும் பரவாயில்லை என்று அதில்தான் போவார்கள். காசு கொடுத்துத் தொங்குகிறவன் பொய் சொல்ல மாட்டான். ஐந்து நாள் நானும் பின்படியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலைகளை எண்ணிக்கொண்டே போனேன். பூண்டு மூட்டைமேல் ஆள், ஆள்மேல் கேரட் மூட்டை, அதன்மேல் இன்னொரு ஆள். மூன்றாம் நாள் என் இடது செருப்பு பூம்பாறையிலேயே இறங்கிக்கொண்டது. ஐந்தாம் நாள் அதே இடத்தில் தானாக வந்து ஏறிக்கொண்டது.

எல்லா ஜீப்பையும் சேர்த்துத் தினம் முப்பத்தொன்பது பேர், ஜீப்புக்குக் கட்டுப்படியாகாத அருள்மேரியையும் சேர்த்தால் நாற்பது. இது அசல் எண். ஆனால் நான் எதற்கு எண்ணுகிறேன் என்பது ஜீப் டிரைவர் பாண்டிக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டினான். இறக்கிவிடப் போகிறான் என்று நினைத்தேன். பின்னால் நடந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தான்: "பெருசு, எம் பொழப்புலயே தொங்கிக்கிட்டு எம் பொழப்புக்கே வேட்டு வைக்கிறீங்க. கம்பியக் கெட்டியாப் பிடிங்க, விழுந்தீங்கன்னா உங்க கணக்குல ஒண்ணு கொறஞ்சிரும்!"

சவரிமுத்துவின் குழம்பு

ஆள் கணக்கு தேறியது. கட்டட எஸ்டிமேட் கவிழ்த்தது. ரோட்டோரச் சரிவில் கொட்டகை போட வேண்டுமானால் மண் சரியாமல் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். கொட்டகையும் அறையும் சேர்ந்து ஆகிற செலவைப்போல அந்தச் சுவருக்கு மூன்று மடங்கு. எப்படிப் போட்டாலும் தேறாது என்றது கணக்கு. அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று அருள்மேரி வீட்டுக்குப் போனேன். புதன்கிழமை, அவள் இல்லை. சவரிமுத்து சாப்பிடச் சொன்னார். அவர் வைத்த குழம்பை ஒரு வாய் வைத்ததும் இந்தத் திட்டத்தின் அவசரம் எனக்கு முழுசாகப் புரிந்தது.

வரைபடத்தைக் காட்டினேன். ‘செவுரு எதுக்குச் சார் புதுசா?’ என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். அங்கே மலை முழுக்கப் படி வயல்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கல் சுவர், இவர்களே அடுக்கியது. போன பெருமழையில் ரோட்டுச் சுவர் சரிந்தது. இவர்கள் சுவரில் ஒரு கல் அசையவில்லை. ரோட்டை ஒட்டின அவருடைய கீழ்ப்படி வயல், பஸ் திரும்புகிற அகலம். கொட்டகைக்கு அதையே தருகிறேன் என்றார். முப்பத்தெட்டு வருஷம் எஸ்டிமேட் படித்த எனக்கு, எதிரில் நிற்கிற சுவர் கண்ணில் படவில்லை! எஞ்சினியர் நம்பவில்லை. கருங்கல் ஏற்றிய லாரியை மூன்று நாள் அந்த வயலில் நிறுத்திப் பார்த்தார். லாரிக்குத்தான் இடுப்பு வளைந்தது. சரி, பஞ்சாயத்துக்கு இடத்தை எழுதிக் கொடுத்தால் திரும்ப வராதே, யோசித்தீர்களா என்று சவரிமுத்துவைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை: "வருசத்துக்கு ஏழு மூடை பூண்டு வெளையிற எடம் சார் அது. ஏழு மூடையா, பொண்டாட்டியான்னா... எஞ் சமையலத்தான் நீங்களே சாப்பிட்டுப் பாத்துட்டீங்களே!"

ஒரு கட்டம் காலி

மதுரையில் கமிட்டி கூடியது. தலைமை வகித்த அதிகாரி அம்மாள் சிரித்ததைப் பார்த்தவர்கள் துறையில் யாரும் இல்லை. சுவர்ச் செலவு போனதால் கணக்கு நிமிர்ந்து நின்றது, ஆனாலும் நூலிழையில்தான். அந்தம்மாள் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து பயன்கள் பட்டியலில் விரலை வைத்தார். ‘வாரம் ஆறு இரவு, வீட்டில்’ என்று ஒரு வரி எழுதி, தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். ஏன் போடவில்லை என்றார்.

இதற்காகவே காத்திருந்தேன். பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன். சவரிமுத்துவிடம் கேட்டு வாங்கி வந்த குழம்பு. ‘அருள்மேரி இல்லாத ஆறு நாளும் அந்த வீட்டில் இதுதான் மேடம். ருசி பார்த்துவிட்டுத் தொகையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்றேன். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தம்மாள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். பேனாவைத் திறந்தார்: "பைலைக் கொண்டாங்க. இதுக்கு மேல அந்தக் குடும்பத்த நாம சோதிக்கக் கூடாது."

முதல் பஸ்

கட்டி முடிக்க ஒன்பது மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வந்து தங்கியது. அதிலேயே வந்து இறங்கினாள் அருள்மேரி. எட்டு வருஷத்தில் முதல்முறையாக வாரத்தின் நடுவில் தன் வீட்டில் தூங்கப் போனாள்.

புதன் காலை ஐந்து மணி. நான் எழுதிக் கொடுத்தது நாற்பது பேர். வேடிக்கை பார்க்க ஏறிய என்னை விட்டுவிட்டுக் கண்டக்டர் எண்ணினார், முப்பத்தொன்பது. பாண்டிகூட வந்திருந்தான். ஆள் ஏற்றுவதை விட்டு, மூட்டை மட்டும் ஏற்றுகிறானாம். மூட்டை தொங்காது, திட்டாது, முன்னைவிடச் சௌகரியம் என்றான். இல்லாத அந்த ஒரு ஆள் அருள்மேரிதான். டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். மூன்றாவது ஹாரனுக்கு அந்த மலையில் இருந்த காட்டுமாடெல்லாம் பதில் சொன்னது. இவள் வரவில்லை. ‘ஏலே, வண்டிய எடுக்காத’ என்று பின்சீட்டில் ஒரு குரல். பஸ்ஸில் ஒருவரும் மணி பார்க்கவில்லை. சவரிமுத்து டார்ச்சோடு வந்து, ‘தூங்கிட்டு இருக்கு சார், எழுப்ப மனசு வரல’ என்றார். எழுப்பச் சொல்லி ஊரே அவரைத் துரத்தியது.

ஐந்து பதினொன்றுக்கு ஓடி வந்தாள். ஒரு கையில் செருப்பு, மறு கையில் கொண்டை. படியேறி மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க சார், எட்டு வருசமா அரிசி மூடைக்குப் பக்கத்துல எலி வந்து வெரசா எழுப்பி விட்டுரும்; எங்க வீட்டுல எலி இல்ல, தூங்கிட்டேன்!"

புதுத் தடம் முதல் நாளே பதினொரு நிமிஷம் தாமதம் என்று மேலிடத்தில் குறை எழுதினார்கள். இந்தத் தொழிலில் காகிதத்தில் எத்தனையோ லாபம் காட்டியிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அந்தப் பதினொரு நிமிஷம் ஒன்றைத்தான்.