நடுவில் ஒரு மூட்டை

ஆரணி பஸ் ஸ்டாண்டில் போளூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். பேத்தி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை மூட்டை கையில் கனக்கிறது. நிழலில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் நூல் புடவை கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண், மடியில் நோட்டுப் புத்தகக் கட்டோடு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்களெல்லாம் வெயிலில் நின்று அவளையே பார்க்கிறார்கள். நான் தைரியசாலி. எங்கள் நடுவில் மூட்டையை வைத்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறேன்.

“எந்த ஆஸ்பத்திரிம்மா நீங்க? முட்டி வலிக்கு மாத்திரை இருக்குதா?”

“நான் டாக்டர் இல்லீங்க ஆயா. இங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர்.”

இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷமாம். அவளும் போளூர் பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறாளாம். மற்ற டீச்சர்கள் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். இவளுக்கு மட்டும் தனி மேஜை, தனி நாற்காலி.

“கேட்டா மரியாதைன்றாங்க. என்னை டீச்சர்னு கூப்பிடறதுகூட இல்லீங்க.”

எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. “பக்கத்துல உக்காந்தா என்னா, ஒட்டிக்குமா? புத்தி கெட்டவங்க!”

அவள் என் மூட்டையைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். என் உடம்பு பாதி பெஞ்சில், பாதி அந்தரத்தில்.

மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறேன். “கொஞ்சம் நகருங்க டீச்சர். எனக்கு உடம்பு பெருசு.”

நகர்கிறாள். வெயிலில் நின்ற பூக்காரி ஓடி வருகிறாள். “எனக்கும் எடம் வுடுங்க டீச்சர்!” அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

இப்போது பாதி அந்தரத்தில் இருப்பது டீச்சர்தான். போளூர் பஸ் வந்து நிற்கிறது. பெஞ்சின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், எழுந்திருக்கவே மனசில்லாமல்.