ஆண்டவர் பங்கு

தோட்டா கட்டும் எந்திரத்தின் கைப்பிடியை வெர்னா இறக்குகிறார், ஏற்றுகிறார். ஒவ்வொரு முறை ஏறும்போதும் கழுத்தைச் சாய்த்து, எந்திரத்தட்டில் நிற்கும் பித்தளைக் கூட்டுக்குள் கிணற்றை எட்டிப் பார்ப்பது போல ஒரு பார்வை. உள்ளே வெடிமருந்து தெரிகிறதா? தெரிகிறது. கூட்டின் வாயில் குண்டை வைக்கிறார். கைப்பிடி இறங்குகிறது. முழுத் தோட்டா ஒன்று உருண்டுபோய்த் தகரப் பெட்டியில் விழுகிறது. கார் கொட்டகையின் வாசலில் கணவர் மைலோ காப்பிக் கோப்பையோடு நிற்கிறார். காப்பி ஆறினாலும் நிற்கத்தான் வேண்டும். கைப்பிடி ஓயும்வரை வெர்னா குபிக்கிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஒரு தடவை பங்குச் சாமியாரே வந்துவிட்டார். விவரம் தெரியாமல், "வெர்னா, இந்தத் திருவிழாச் சாப்பாட்டுக்கு..." என்று ஆரம்பித்தார். வெர்னா எந்திரத்தை நிறுத்தினார். தட்டில் பாதி வேலையில் நின்ற கூடுகளையெல்லாம் எடுத்து, உள்ளே இருந்த மருந்தைத் திரும்பக் கொட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் திரும்பினார்.

"சொல்லுங்க சாமி. இப்பப் பேசலாம்."

"விட்ட எடத்துலேர்ந்து பண்ணினா என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல சாமி. எதுல மருந்து போட்டேன், எதுல போடலங்கறது மறந்து போகும். மருந்து இல்லாததைச் சுட்டா குண்டு குழலுக்குள்ளயே மாட்டிக்கும். தெரியாம அதுக்குப் பின்னால இன்னொண்ணைச் சுட்டான்னு வைங்க, மைலோவுக்கு நீங்கதான் பூசை வைக்கணும்."

சாமியார் அடுத்த முறை வந்தபோது மைலோவுக்குப் பக்கத்தில் பேசாமல் நின்றுகொண்டார். அவருக்கும் ஒரு காப்பி கிடைத்தது.

வெர்னாவுக்குப் பிழைப்பு பள்ளிக்கூடச் சமையலறையில். நெப்ராஸ்காவில் அந்தச் சின்ன ஊரில் படித்த பிள்ளைகள் எல்லாரும் அவர் சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்தவர்கள். கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எதுவானாலும் நடுவில் பிளம் பழக்கூழ் வைத்த கோலாச்சே ரொட்டி வெர்னாவின் கையால்தான் வரவேண்டும். மாவு பிசைந்த கைக்கும் தோட்டா கட்டும் கைக்கும் நடுவில் ஒரு சோப்புக் கட்டி கரைகிறது. அவ்வளவு தேய்ப்பார்.

கொட்டகைச் சுவரெங்கும் பழைய காப்பி டப்பாக்கள். எல்லாவற்றிலும் சுட்டு முடித்துப் பொறுக்கி வந்த வெறுங்கூடுகள். அவற்றைச் சோளச் சக்கைத் தூளோடு ஒரு சின்னப் பீப்பாயில் போட்டு விசையைத் தட்டிவிட்டால் அது பகலெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு சுற்றும். அந்த வீட்டு நாய்க்கு அந்தச் சத்தம்தான் தாலாட்டு. பீப்பாய் நின்றால் எழுந்து வெர்னாவை முறைக்கும். கரி பிடித்துப் போன கூடுகள் புளி போட்டுத் துலக்கிய செம்பு மாதிரி வெளியே வரும்.

சனிக்கிழமைகளில் இருவரும் போட்டிக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்கு வெர்னா வருவதில்லை. அவர் இல்லாமல் மைலோ போவதில்லை. பலகைச் சுவர்களுக்கு நடுவே ஓடி, வளைந்து, குனிந்து, அட்டை மனிதர்களைக் கைத்துப்பாக்கியால் சுட வேண்டும். குறிக்கும் மதிப்பெண், நேரத்துக்கும் மதிப்பெண். மைலோ ஓடுவார். அறுபதைத் தாண்டியும், தொப்பியைப் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு, சோளக்காட்டில் கன்றுக்குட்டி புகுந்த மாதிரி ஓடுவார். வெர்னா நடப்பார்.

"கொஞ்சம் வெரசாப் போயேன் வெர்னா, கடிகாரம் ஓடுது!" என்று பின்னாலிருந்து கத்துவார்கள்.

"கடிகாரம் ஓடட்டும். அதுக்கு முட்டி வலி இல்ல" என்பார் நடந்தபடியே. குறி மட்டும் தப்பாது.

இந்த விளையாட்டில் ஒரு கணக்கு உண்டு. குண்டின் எடையையும் அது பறக்கும் வேகத்தையும் பெருக்கி வரும் எண் ஒரு எல்லைக்குக் கீழே போகக் கூடாது. போனால், எத்தனை அழகாகச் சுட்டிருந்தாலும் அன்றைய மதிப்பெண் முழுக்கச் சுழி. ஆனால் மருந்து குறையக் குறையத் துப்பாக்கி கையை உதைப்பதும் குறையும். அடுத்த குண்டைச் சட்டென்று விடலாம். அதனால் எல்லாருக்கும் அந்த எல்லையை உரசிக்கொண்டு நிற்கத்தான் ஆசை. வெர்னா எல்லைக்கு மேலே எப்போதும் கொஞ்சம் கூடுதலாக விட்டுவைப்பார். குளிருக்கு, காற்றுக்கு, மனிதக் கைக்குத் தெரியாத மற்றதற்கெல்லாம். மைலோ அதில் கண் வைத்தால் ஒரே பதில்தான்.

"அது ஆண்டவர் பங்கு. கையை வைக்காத."

இந்த வருஷம் பனிக்காலத்தில் மைலோ ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, வலி கூடவே தங்கிவிட்டது. மாநிலப் போட்டி வசந்தத்தில். மூத்தவர்கள் பிரிவில் மைலோ வருஷா வருஷம் இரண்டாவதாக வருகிறவர். முதலாவது எப்போதும் டயர் கடை எல்டன்தான்.

"வெர்னா, இந்த ஒரு தடவை மட்டும் குறைச்சுக் கட்டேன். எல்டனை ஒரு தடவை பின்னால விட்டுப் பாத்துட்டேன்னா போதும், அப்புறம் நீ சொன்னபடி."

"ஒடம்பு முடியலன்னா வீட்டுல இரு."

"வீட்டுல இருந்தா மட்டும் வலிக்காதா?"

வெர்னா எந்திரத்தின் மேல் இருந்த மருந்துக் குடுவையைப் பார்த்தார். அப்புறம் மருந்தைக் குறைக்கத் திருகாணியை ஒரு மயிரிழை திருப்பினார். மைலோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கட்டிய தோட்டாக்களைக் கொல்லைக் களத்தில், குண்டின் வேகத்தைக் காட்டும் பெட்டியின் மேலே சுட்டு அளந்தார் வெர்னா. எல்லைக்கு மேலேதான் இருந்தது, கொஞ்சமே கொஞ்சம். மைலோவின் துப்பாக்கி அப்போது புதுக் குழல் போட ஆசாரியிடம் போயிருந்ததால் தன்னுடையதில்தான் சுட்டார். இரண்டும் ஒரே கடை, ஒரே மாதிரி. இரட்டைப் பிள்ளைகள் என்றே அந்த வீட்டில் அவற்றுக்குப் பேர். ஆனாலும் மைலோவுடையதில் ஒரு முறை சுட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார். துப்பாக்கி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. அன்றைக்குத் தபாலாபீஸ் ஆல்பினாவின் அடக்கம். கோவில் கூடத்தில் ஊருக்கே சாப்பாடு போட்டுவிட்டு வெர்னா வீடு திரும்பியபோது இருட்டியிருந்தது. மறுநாள் போட்டி.

அன்றைக்கு மைலோ சுட்டதைப் போல ஒன்றை அந்த மைதானம் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு களமும் முடிய முடிய எல்டனின் முகம் நீண்டுகொண்டே போனது.

"என்னடா தின்ன காலையில?"

"உன் கடை டயரைத்தான். நல்லா எகிறுது" என்றார் மைலோ.

இன்னும் ஒரே ஒரு களம் பாக்கி. மைலோ முன்னால் நின்றார், எல்டன் பின்னால். அப்போதுதான் அவர்கள் குழு வேகம் அளக்கும் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் ரோலி. கோவில் பாடகர் குழுவில் வெர்னாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். மைலோவிடம் அவர் எடுத்து வைத்திருந்த மாதிரித் தோட்டாக்களில் ஒன்றைப் பிரித்துக் குண்டை எடை போட்டார். பிறகு மைலோவின் துப்பாக்கியில் மூன்றைச் சுட்டார்.

எண்ணைப் பார்த்துவிட்டு ரோலி இன்னும் மூன்றைச் சுட்டார்.

"மைலோ... கீழ இருக்குப்பா."

"எவ்வளவு?"

"ஒரு இழை."

கூடாரத்தில் இருந்தவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். வெர்னா மட்டும் துப்பாக்கியைப் பார்த்தார்.

"புதுக் குழல்" என்றார் மெதுவாக. "இது என்னோடதை விட மெதுவாத் தள்ளுது. நான் இதுல சுட்டுப் பாக்கல மைலோ. நேத்து ராத்திரி நெனச்சேன். படுத்துட்டேன்."

மாதிரியில் ஒரு தோட்டா மிச்சம் இருந்தது. விதிப்படி போட்டியாளர் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, அதையும் சுட்டு வேகம் பார்க்கலாம். இல்லையென்றால் பிரித்து அந்தக் குண்டை நிறுக்கலாம். முன்னதை விடக் கனமாக இருந்தால் அந்த எடையை வைத்துக் கணக்குப் போடுவார்கள். இரண்டில் ஒன்றுதான். மைலோவின் நாள் முழுவதும் அந்த ஒற்றைத் தோட்டாவுக்குள் இருந்தது.

மைலோ மனைவியைப் பார்த்தார். "நீ சொல்லு. நீ கட்டினது."

"அந்தக் குழல் இத்தனை தடவை பேசிருச்சு. இன்னொரு தடவை கேட்டா வேற என்ன சொல்லப் போகுது? நிறுக்கச் சொல்லு."

ரோலி தோட்டாவைச் சுத்தியல் போன்ற கருவிக்குள் செருகி மரக்கட்டையில் அடித்தார். குண்டு கழன்று விழுந்தது. அதைத் துடைத்து, இடுக்கியால் எடுத்து, தராசுத் தட்டில் வைத்தார். எண்கள் தடுமாறி நின்றன. ரோலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெர்னாவைப் பார்க்காமல் சொன்னார்:

"காத்து அடிக்குதோ என்னவோ. இன்னொரு தடவை வெச்சுப் பாக்கறேன். தட்டுல ஏதாச்சும் ஒட்டிக்கிட்டுக்கூட இருக்கலாம், எனக்கென்ன கண்ணா தெரியுது..."

"காத்து நின்னாச்சு ரோலி. எண்ணும் நின்னாச்சு. படி."

"அதே எடைதான் வெர்னா. ஒரு தூசு கூட ஏறல."

"அப்ப அதை எழுது."

ரோலி எழுதினார். மைலோ கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கை வலிக்குதுன்னு குறைக்கச் சொன்னது நான். இந்தப் பொம்பள மாட்டேன்னுதான் சொன்னா. யாராவது அவளை ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, அடுத்த பங்குத் திருவிழாவுல உங்களுக்குக் கோலாச்சே கிடையாது. நானே தின்னுருவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் ஒருவர் சிரித்தார். எல்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"இப்படி ஜெயிக்கணும்னு நான் கேக்கலடா."

"தெரியும். எப்படி ஜெயிச்சாலும் டயர் விலையைக் குறைக்கவா போற?"

சொன்னாரே தவிர, மைலோ இடுப்பு வாரைக் கழற்றப் போனார். சுழி வாங்கியவர்கள் பெரும்பாலும் வண்டிக்குப் போய்விடுவார்கள். வெர்னா அவர் கையின் மேல் கை வைத்தார்.

"எங்க போற?"

"வண்டிக்கு. இனிச் சுட்டா எந்தக் கணக்குல சேரும்?"

"எந்தக் கணக்குலயும் சேராது. கண்ணு இருக்கு, கால் இருக்கு, ஒரு களம் பாக்கி இருக்கு. அட்டையை நிறுத்தி வெச்சிருக்காங்க பாரு, உனக்காகத்தான். போய் முடிச்சுட்டு வா."

மைலோ போனார். மணி ஒலித்ததும் ஓடினார். அவசரம் இல்லாத ஓட்டம் அது; எதையும் துரத்தாதவன் ஓடுவது போல. பலகைச் சுவரைச் சுற்றி, கதவைத் தள்ளி, கடைசி அட்டைவரைக்கும் துப்பாக்கி ஒரே தாளத்தில் பேசியது. முடிந்து, துப்பாக்கியைக் காலியாக்கிக் காட்டி உறையில் போட்டபோது, மதிப்பெண் சொல்கிறவர் அட்டைகளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாததால் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

சுட்டு முடித்தவனின் வெறுங்கூடுகளை மற்றவர்கள் குனிந்து பொறுக்கித் தருவது அங்கே பழக்கம். அன்றைக்கு முட்டி வலிக்காரர்கள் உட்பட எல்லாரும் குனிந்தார்கள். எல்டன் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சரளைக்கல்லில் மண்டி போட்டுப் பொறுக்கினார். எழுந்து, தொப்பியை இரு கையாலும் வெர்னாவிடம் நீட்டினார். "எல்லாம் இருக்கும்னு நெனைக்கறேன்" என்றார்.

வெர்னாவின் கண்கள் கலங்கியிருந்தன. தொப்பியை வாங்கி, விரலால் கூடுகளைக் கிளறினார். குபிக் வீட்டுக் கூடுகளின் அடியில் பச்சை மைக்கோடு இருக்கும். எல்டன் வீட்டுக்கு நீலம். பச்சை, பச்சை, பச்சை. விரல் நின்றது. நீலக் கோடு போட்ட ஒன்றை எடுத்து, முந்தானை போலத் தொங்கிய சட்டை நுனியில் புழுதியைத் துடைத்து, எல்டனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உன்னோடது."