ராசப்பன் இல்லாத மேடை

உள்ளறையில் டோலக் அதிர்ந்தது.

சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த ராசப்பனின் கை அப்படியே நின்றது. டம்ளர் நிறைந்து, வழிந்து, விரலைச் சுட்ட பிறகுதான் பாத்திரத்தைக் கீழே வைத்தான். உள்ளே இருப்பது இரண்டே பேர். ஒருத்தி அவன் மனைவி மதுமதி. இன்னொருவன் கீபோர்டு காளிதாஸ். இரண்டு பேருக்கும் டோலக்கைத் தூக்கக்கூடத் தெரியாது. அப்படியானால் வாசிப்பது யார்?

"கேட்டீங்களாக்கா? ஆளே இல்லீங்க, ஆனா ஆளு வாசிக்கறாப்புடியே இருக்குதுங்களா?"

"அட ஆமா காளிதாசு! பக்கத்துல உக்காந்து வாசிக்கறாப்புடியே இருக்குது!"

அதைத் தொடர்ந்து மதுமதி சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் இப்படிச் சிரித்து! தன் வீட்டில், தன் மனைவி, தான் இல்லாத அறையில், எவனோ வாசித்த தாளத்துக்காகச் சிரிக்கிறாள். ராசப்பன் வடிகட்டியைத் தொட்டியில் எறிந்தான்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை ராசப்பனுக்கு. பகலெல்லாம் தகரத்தின் மேல் சுத்தியல். சாயங்காலமானால், தட்டினால் எந்த வாத்தியத்தின் சத்தமும் தரும் ரிதம் பேட். ஆணி அடிக்கிற இடத்தில்கூட அவன் தாளம் போடுவான். "டேய் ராசப்பா, லாரிக்குப் பாடி கட்டறயா, கரகாட்டத்துக்கு வாசிக்கறயா?" என்று மேஸ்திரி கேட்காத நாள் கிடையாது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகையில், மதுமதி பாடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. கீபோர்டு, கிடார், மைக் எல்லாம் ஊமையாகிவிட்டன. அவள் மட்டும் நிறுத்தவில்லை. ராசப்பன் ஒரு இரும்பு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அவள் பாட்டு அறுந்துபோகாமல் அடித்துக்கொண்டே இருந்தான். அந்த நாற்காலிதான் அவர்களுக்குத் தரகர். அடுத்த தை மாதமே கல்யாணம். அன்று முதல் எந்த மேடையானாலும் அவளுக்கு இடது பக்கம் அவன் இடம். அந்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

இப்போது அந்த மெல்லிசைக் குழுவே கலைந்துவிட்டது. கிடார்காரன் போர்வெல் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போய்விட்டான். மண்டபக்காரர்களும் ஆள் கூட்டத்தை விரும்புவதில்லை. இந்த நிலையில்தான் பரமத்தி ரோட்டில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு அழைப்பு வந்தது. "பாடற அம்மா மட்டும் வந்தாப் போதுங்க. மேடை சின்னது. ம்யூசிக்கை டேப்லெட்ல போட்டுக்கலாமுங்க" என்றார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை விசேஷம்.

ஊருக்கெல்லாம் ராசப்பன் சம்சாரமாகவே இருந்த மதுமதிக்கு, அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்த முதல் மேடை அது. போன் வந்த அன்று அவள் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தை ராசப்பன் பார்த்தான். பார்த்தவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஒருமுறை அவன் இல்லாமல் அவள் ஜெயித்துவிட்டால், அப்புறம் அவன் எதற்கு?

அவளே காளிதாஸைக் கூப்பிட்டாள். பழைய குழுவில் கீபோர்டு வாசித்தவன். இப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, பாட்டுக்காரர்களுக்குப் பின்னணி இசையை மிடி ஃபைலாகத் தயாரித்துக் கொடுக்கிறான். டேப்பில் எந்த ஆப்பைப் போடுவது என்று பார்த்துச் சொல்லத்தான் இன்று பைக்கில் வந்திருந்தான்.

ராசப்பன் டீ டம்ளர்களோடு உள்ளே போனான். ஒரே டேப்பின் மேல் இரண்டு தலைகள் குனிந்திருந்தன. அவன் நேராகப் போய் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

"அண்ணா, டீ மட்டும் போதுமுங்க. நீங்களும் மடியில வந்து உக்காரோணுமா?" என்றான் காளிதாஸ்.

"என்ற ஊடு. நான் எங்க வேணாலும் உக்காருவேன்."

"செரி, செரி, உக்காருங்க. டீயைக் கொட்டிப் போடாதீங்க" என்றாள் மதுமதி, டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அந்த எடுக்காத கண் அவனைக் குத்தியது. அக்கா அக்கா என்கிறான். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாரும் அக்கா ஆகிவிடுவார்களா என்று மனசுக்குள் பல்லைக் கடித்தான்.

காளிதாஸ் மூன்று ஆப்களை இறக்கி வைத்திருந்தான். முதலாவது நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாதிப் பாட்டில் திடீரென்று விளம்பரத்தில் ஒரு பெண் குரல், உடனடியாகக் கடன் வேண்டுமா என்று கேட்டது.

"நல்லாருக்குதே! கொழந்தைக்குக் காது குத்தற நேரத்துல எல்லாரையும் கடன் வாங்கச் சொல்றாளா?" என்று மதுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஆப் அங்கேயே அடிபட்டுப் போனது.

மிச்சம் இரண்டு. இரண்டாவது ஆப்பில் பாட்டுப் பட்டியல் இருந்தது. பெயரைத் தொட்டால் பாட்டு ஆரம்பிக்கும். கடைசிவரை ஓடி, தானே நின்றுவிடும். மூன்றாவது ஆப்பில் பாட்டு, கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடந்தது. பல்லவிக்கு ஒரு கட்டம், இடையிசைக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று. ஒரு கட்டத்தைத் தொட்டால், அடுத்ததைத் தொடும் வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும்.

"சித்த முந்தித் தொட்டாலும் பரவால்லீங்கக்கா. தாளம் ஒரு சுத்து முடியற வரைக்கும் காத்திருந்து, அப்பறம்தான் மாறும்" என்றான் காளிதாஸ்.

மதுமதி அவளே தொட்டுப் பார்த்தாள். மறுபடி அதே டோலக் எழுந்தது. அவள் தலை தானாக ஆடியது. ராசப்பனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"யார்றா இவன், டோலக் வாசிச்சிருக்கறவன்?"

காளிதாஸ் வாயைத் திறப்பதற்குள் ராசப்பன் ஆரம்பித்துவிட்டான். "அவசரக் குடுக்கை! சுத்து முடியற எடத்துல முந்திக்கிட்டு ஓடறான் பாரு. எடது கையில பலமே இல்ல. இவனையெல்லாம் பட்டறைப் பக்கம் உட்டா ஆணியை வளைச்சுப் போடுவான். இந்த அடிக்கா நீ தலையாட்டற?"

காளிதாஸ் டீயை மிகவும் கவனமாகக் குடிக்கத் தொடங்கினான். மதுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின.

"என்ன சிரிப்பு?"

"ஏனுங்க... அது நீங்கதானுங்க."

காளிதாஸ்தான் விளக்க வேண்டியிருந்தது. "குழு கலையறதுக்கு முன்னாடி ஒரு நாள் ப்ராக்டீஸ்ல, உங்க பேடுல ஒரு கேபிளைச் சொருகினேனில்லீங்களாண்ணா? அதுதான் இது. மிடின்னா சத்தத்தைப் பிடிச்சு வைக்காதுங்க. எந்த அடி, எந்த நேரத்துல, எவ்வளவு அழுத்தத்துல உளுந்துச்சுன்னு மட்டும் எளுதி வெச்சுக்கும். அன்னிக்கு நீங்க தவில் சத்தத்துல வாசிச்சீங்க. நான் டோலக்கா மாத்திட்டேன். அதான் உங்களுக்கே தெரியல. கை உங்க கைதானுங்க."

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். ராசப்பன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். சுத்தியல் பிடித்துக் காய்ப்பு ஏறிய கைகள். இவை இங்கே சும்மா கிடக்கும். இவற்றின் அடி மட்டும் ஞாயிற்றுக்கிழமை மதுமதியின் இடது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேறொருவன் என்றால் சட்டையைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளலாம். தன்னையே எப்படித் தள்ளுவது? இந்த உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் வரக்கூடாத சக்களத்தன் அவனுக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

"உங்க கை கூட இருக்குதுன்னுதான் நான் தைரியமாவே ஒத்துக்கிட்டேன்" என்றாள் மதுமதி மெதுவாக. "நீங்களே சொல்லுங்க. ரெண்டுல எந்த ஆப்பு?"

ராசப்பனுக்கு விடை நன்றாகத் தெரியும். காதுகுத்தில் தாய்மாமன்தான் ராஜா. சீர்த் தட்டுகளோடு மண்டப வாசலுக்கு வருவார். ஆனால் உடனே உள்ளே வரமாட்டார். பங்காளி வரவேண்டும், அத்தை வரவேண்டும், போட்டோக்காரர் மறுபடி ஒருமுறை நடக்கச் சொல்வார். அதுவரை வரவேற்புப் பாட்டு நிற்கக் கூடாது. மாமன் வாசல்படி தாண்டும் முன் பாட்டு நின்றால் மாமன் வீட்டுக்கே மரியாதைக் குறைவு. சாப்பாட்டுப் பந்தி வரை சண்டை வரும். ராசப்பன் மாமனின் காலைப் பார்த்துக்கொண்டே இடையிசையை இழுத்து இழுத்து வாசிப்பான். அந்த வேலையைச் செய்யக்கூடியது மூன்றாவது ஆப் ஒன்றுதான்.

"ரெண்டாவதைப் போடு" என்றான். "ஒரே தட்டு, பாட்டு ஓடிரும். உனக்கு அதுதான் சுலபம்."

காளிதாஸ் நிமிர்ந்து பார்த்தான். "அண்ணா, சீர் வர்ற நேரம்..."

"நான் பாக்காத சீரா? இவ பாடுவாளா, கட்டத்தைப் பாத்துட்டு நிப்பாளா?"

"அவங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும் காளிதாசு" என்றாள் மதுமதி. "மேடைக் கணக்கு அவங்களுக்குத் தெரியாததா? அந்தக் கட்ட ஆப்பை அழிச்சுப் போடு."

அந்த நம்பிக்கை! அவள் ஒரு சந்தேகமாவது பட்டிருக்கலாம். ஆனாலும் ராசப்பன் சொன்னதை மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் திண்டாடட்டும். திங்கட்கிழமை தன்னைத் தேடட்டும் என்று அந்தப் பொல்லாத பொறாமை அவன் காதில் ஓதியது.

மதுமதி எழுந்து நின்றாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, சுவரைச் சபையாக நினைத்துக் கும்பிட்டாள். "காளிதாசு, நீதான் தாய்மாமன். அந்த மொறத்தைத் தூக்கிட்டு வாசல்ல இருந்து வா. அவசரப்படாத, மாமன் கெத்தா வா."

அவள் அந்தச் சின்ன வரவேற்புப் பாட்டின் பெயரைத் தொட்டுப் பாட ஆரம்பித்தாள். காளிதாஸ் முறத்தைச் சீர்த் தட்டாகத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மீசையை முறுக்கியபடி வந்தான். செருப்பைக் கழற்ற நின்றான். இல்லாத பங்காளியைத் திரும்பிப் பார்த்தான். அவன் படியருகே வருவதற்குள் டேப் பாட்டை முடித்து அடங்கிவிட்டது. மதுமதியின் குரல் மட்டும் அந்தரத்தில் தொங்கி, பிறகு தடுமாறி நின்றது.

அவள் முகம் சுருங்கியது. "நான்தான் வேகமாப் பாடிட்டேனாட்ட இருக்குது. என்ற தப்புத்தான். இன்னொருக்கா பாடறேன்."

மறுபடியும் அதே கதி. இப்போதும் தன்னையே நொந்து, "எனக்கு இன்னும் பழகோணும்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது வியர்வையையா, வேறெதையாவதா என்று ராசப்பனுக்குத் தெரியவில்லை. மூன்றாம் தடவை அவள் விரல் டேப்பைத் தொடப் போனபோது அவன் கையை நீட்டித் தடுத்துவிட்டான்.

"நிறுத்து மது. உன் தப்பு இல்ல. இந்த ஆப்பு ஆகாது. மாமன் வாசல்ல நிக்கறப்பவே முடிஞ்சு போயிரும்."

"அப்பறம் ஏன் இதைப் போடச் சொன்னீங்க?"

அவன் டேப்பைத் தன் பக்கம் இழுத்து அந்த ஆப்பை மூடினான். அதுவே பதிலாகிவிட்டது. மதுமதி அவன் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சேவா சொன்னீங்க? அத்தனை சனத்துக்கு முன்னாடி நான் வாயைப் பொளந்துட்டு நிக்கோணும். அப்ப உங்க நெனப்பு எனக்கு வரோணும். அதுக்குத்தானுங்களா?"

"நான் அப்பறமா வாரேனுங்க" என்று காளிதாஸ் முறத்தைக் கீழே வைத்தான்.

"உக்காரு காளிதாசு. வேலை முடியல." அவள் குரலில் ராசப்பன் இதுவரை கேட்டிராத ஒரு கண்டிப்பு இருந்தது.

"பொறாமை மது" என்றான் ராசப்பன். வெட்கத்தில் தரையைப் பார்த்தான். "வேற ஒண்ணுமில்ல. பொறாமை."

"ஆரு மேல? காளிதாசு மேலயா?"

"மொதல்ல அவன் மேல. அப்பறம் என்ற கை மேலயே. அது உன்ற கூட வருது. நான் வரலயே."

அவள் உருகிவிடவில்லை. மூன்றாவது ஆப்பைத் திரும்ப இறக்கச் சொன்னாள். கட்டங்களை அவளே அடுக்கினாள். இடையிசைக் கட்டத்தை மட்டும் பெரிதாக, கட்டைவிரலுக்கு எட்டும்படி வைத்துக்கொண்டாள். காளிதாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, அண்ணனே பக்கத்துல நின்னு இந்தக் கட்டத்தைத் தட்டட்டுமே. அவருக்குத்தான் மாமன் காலு தெரியும்" என்றான்.

ராசப்பன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"வேண்டாம். நானே தட்டிக்கறேன்" என்றாள் மதுமதி. "அவங்க கீழ உக்காரட்டும். இத்தன வருசம் மேடையில பக்கத்துலயே இருந்தாங்க, ஆனா அவங்க கேட்டதெல்லாம் அவங்க அடியைத்தான். ஒரு நாளாவது என்ற பாட்டைக் கேக்கட்டும்."

சாட்டையாலடித்தது போலிருந்தது அவனுக்கு. அவள் எதிரே உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்ட நினைவு அவனுக்கு இல்லை. ஊர் ஊராக எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! சோடா விற்றவன்கூடக் கேட்டிருக்கிறான். அத்தனை பேர் மீதும் சேர்த்து இப்போது அவனுக்குப் பொறாமை வந்தது.

காளிதாஸ் விடைபெற்றபோது ராசப்பன் வாசல் வரை கூடப் போனான்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கண்ணா."

"அதெல்லாம் இல்ல. ஏன் காளிதாசு, ஞாயித்துக்கெழமை முன் வரிசையில எனக்கு எடம் கெடைக்குமா?"

"முன் வரிசை மாமன் ஊட்டுக்காரங்களுக்குங்களே."

"அப்ப தூணோரமா நின்னுக்கறேன்."

"வாரேனுங்கண்ணா." காளிதாஸ் பைக்கை உதைத்துக் கிளப்பினான். பட்டறைச் சந்து திரும்பி அவன் மறைந்ததும், உள்ளே மதுமதி அந்த வரவேற்புப் பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தவர்கள் இந்தப் பக்கம் காதைத் திருப்பினார்கள்.

ராசப்பன் அவர்களை ஒரு முறை முறைத்தான். உள்ளே வந்து, ஒரு வரிகூடத் தெருவுக்குப் போகாதபடி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.