கழற்றி வைக்கும் கொளுக்கி

எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா பழைய கரவன் ஒன்று வாங்கினார். கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் உள்ளே இருந்தன. ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே அது ஒரு கிழமை அசையாமல் நின்றது. எங்கள் காரில் அதை மாட்டி இழுக்கக் கொளுக்கி இல்லை.

டீட்டிகோனில் பெரிய லொறி ஓட்டும் மாமா, அம்மாவின் தம்பி, யோசனை சொல்ல வந்தார்.

“அத்தான், ஐஞ்சாம் சில்லுதான் பலம். ஆடாது.”

நான் இறங்கிப் போய் காரின் சில்லுகளை எண்ணினேன். கீழே நான்கு, டிக்கிக்குள் ஒன்று. எங்களிடம் ஏற்கெனவே ஐந்து இருப்பதாக வந்து சொன்னேன். மாமாவுக்குத் தேத்தண்ணீர் புரைக்கேறிவிட்டது. பிறகு காகிதத்தில் கீறிக் காட்டினார். லொறியின் முதுகில் வட்டமான ஒரு தட்டு, அதன்மேல் பின்பெட்டி வந்து குந்தும். அதற்கு ஏன் சில்லு என்று பெயர் என்பது அவருக்கும் தெரியவில்லை.

கராஜுக்கு அப்பா என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்த அப்பாவுக்கு எல்லா மரக்கறிகளின் பெயரும் ஜெர்மனில் தெரியும். அதற்கு அப்பால் சிரமம். மாமா சொன்னதை நான் சொல்லக் கேட்ட மெக்கானிக், அதற்கு ‘சாட்டல்’ என்று தொடங்கும் ஒரு நீளப் பெயர் சொன்னார். சாட்டல் என்றால் குதிரைச் சேணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன்.

“அப்பா, குதிரைக்குப் போடுறது லொறிக்குத்தானாம். எங்கடை காருக்குச் சரிவராதாம்.”

அப்பா மிகவும் யோசித்துத் தலையாட்டினார்.

மெக்கானிக் இரண்டு கொளுக்கிகளை மேசையில் வைத்தார். இரண்டின் நுனியிலும் இரும்புக் குண்டு. ஒன்று காரோடு நிரந்தரமாக நிற்பது. மாமா அதைத்தான் எடுக்கச் சொல்லியிருந்தார். மற்றதை வேண்டாதபோது கழற்றி வைக்கலாம்.

“கழட்டினால், இது கரவன் இழுக்கிற கார் எண்டு ஆருக்கும் தெரியுமோ? கேள்,” என்றார் அப்பா.

கேட்டேன். மெக்கானிக் அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாருக்குத் தெரியக்கூடாது என்று கேட்டார். அதையும் சொன்னேன். அப்பா கழற்றுகிற கொளுக்கியைத் தொட்டுக் காட்டினார்.

கரவன் களவெடுத்ததாக இருக்குமோ என்று அன்றிலிருந்து எனக்குப் பயம். கோடை விடுமுறையில் பாரிஸுக்குப் புறப்பட்டோம். எல்லையில் அதிகாரி குடியுரிமை கிடைத்து நாங்கள் எடுத்த புதுச் சிவப்புப் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டியபோது அப்பாவின் கழுத்தெல்லாம் வியர்த்தது. களவுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

பாரிஸுக்கு வெளியே கரவன்கள் நிற்கும் ஒரு முகாம் திடலில் அப்பா எங்கள் கரவனை விட்டுப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார். கொளுக்கியைக் கழற்றித் துவாயில் சுற்றி டிக்கிக்குள் வைத்தார். பிறகு வெறும் காரில், அப்பாவின் அக்காவான மாமியின் வீட்டுக்குப் போனோம். மாமியின் கணவரின் செத்தவீட்டுக்கு அப்பா போகவில்லை என்பதும், அப்போது அவரிடம் இருந்த அகதி அட்டையோடு எல்லை தாண்ட முடியாது என்பதும், மாமி அதை நம்பவேயில்லை என்பதும் நான் வளர்ந்த பிறகு தெரிந்தவை. அன்று நான் கண்டது, கதவைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒரு மனுசியைத்தான்.

பிறகு அவர் விலகி எங்களுக்கு வழிவிட்டார். மாமி சோறு போட்டார். சாப்பிடும்போது பார்த்தேன்: ஹோலில் கதிரைகளை ஓரமாகத் தள்ளி, எங்கள் மூவருக்கும் மெத்தை விரித்துத் தலையணையும் வைத்திருந்தார்.

“நாங்கள் இஞ்சை படுக்கேல்லை மாமி,” என்றேன். “படுக்கிறதுக்கு எங்கடை கரவன் வீட்டைக் கொண்டந்திருக்கிறம்.”

அம்மா என் தொடையில் கிள்ளினார். அப்பா சோற்றுக் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

“நான் கதவு திறக்கமாட்டன் எண்டு நினைச்சனியோ தம்பி?”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். களவு பிடிபட்டுவிட்டது, இனி நான்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

“கரவன் கதவை மாமியாலை திறக்கேலாது,” என்றேன். “திறப்பு அப்பாட்டையெல்லோ இருக்கு.”

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் மாமி அழத் தொடங்கியிருந்தார்; அப்பா எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். திறப்பு அப்பாவிடம் இருப்பதற்கு இவ்வளவு பெரிய மனுசி ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை.